ஒரு ரூபாய் வந்த நாள்



2023 செப்டம்பர் இரண்டாவது வாரம். தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் கீரை விற்கும் ஓர் அம்மா, இரண்டு கட்டு அரைக்கீரையை என் பையில் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து நீட்டினார். "இதுல என்ன வந்திருக்குன்னு கொஞ்சம் பாருங்க சார்."

பார்த்தேன். அவர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் வரவு வைத்ததாகக் குறுஞ்செய்தி. சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "ஆயிரம்னுதானே சொன்னாங்க? ஒரு ரூவாவா போட்டிருக்காங்க?"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் அந்த மாதம் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில், காஞ்சிபுரத்தில் தொடங்கவிருந்தது. கணக்கு எண் சரிதானா என்று பார்க்க அரசு முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தது. ஒரு ரூபாய் வந்தால் பின்னால் ஆயிரம் வருகிறது என்று அர்த்தம். விளக்கிச் சொன்ன பிறகும் அந்த அம்மா பாதிதான் நம்பினார். அரசாங்கம் நேராகத் தன் பேருக்குப் பணம் அனுப்பும் என்பதை நம்ப அவருடைய ஐம்பது வருட வாழ்க்கையில் பெரிய காரணம் எதுவும் இருந்ததில்லை.

அவர் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். விடிவதற்குள் தோட்டத்தில் கீரை எடுத்து, கூடையோடு செங்கல்பட்டு லோக்கலில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவார். கணவர் கொத்தனாருக்குக் கையாள். வேலை இருந்தால் உண்டு. மகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அரசுக் கலைக் கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022-இலிருந்தே மாதம் ஆயிரம் வந்துகொண்டிருந்தது.

மாதம் ஆயிரம் என்றால் ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். திட்டம் தொடங்கிய மாதத்தில் சென்னையில் சமையல் எரிவாயு சிலிண்டர் 918 ரூபாய் 50 காசு. ஆயிரம் வந்தது, சிலிண்டர் வாங்கினோம், மீதியைக் கொண்டுவந்தவருக்குக் கொடுத்தோம் என்று கணக்கை முடித்துவிடலாம். இதில் என்ன வாழ்க்கை மாறிவிடும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நானும் போட்டேன். அப்புறம் தண்டல் கணக்கைக் கேட்டேன்.

சந்தையில் உட்காரும் பெண்களுக்குத் தண்டல் தெரியும். பத்தாயிரம் எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பையோடு ஆள் வந்து நிற்பான். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து குறைந்துகொண்டு வருவதால், முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. தண்டல்காரர் சட்டம் படிப்பதில்லை.

ஏன் தண்டல் வாங்குகிறார்கள்? முதல் போய்விடுவதால். இரண்டு நாள் மழை பெய்தால் கீரை அழுகும். ஒரு காய்ச்சல் வந்தால் வியாபாரப் பணம் ஊசிக்கும் மருந்துக்கும் போகும். மறுநாள் தோட்டத்தில் கீரை எடுக்கக் கையில் ஐந்நூறு இருக்காது. அந்த ஐந்நூறு இல்லாத குறைக்காக ஐயாயிரம் தண்டல். "முதலு கரைஞ்சிபோச்சின்னா அவ்ளோதான் சார், திரும்பி எழுந்துக்கவே மூணு மாசம் ஆவும்" என்றார் கீரைக்கார அம்மா. மாதாமாதம் 15-ஆம் தேதி வரும் ஆயிரம் அந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்துகொண்டது. தொகை சின்னது. ஆனால் தேதி உறுதி.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும், 2015-ஐப் போலவே, தண்ணீரில் நின்றன. மின்சார ரயில் நின்றது. தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாயைக் கையில் தந்தார்கள். 2015 வெள்ளத்தின்போது நிவாரணம் வங்கிக் கணக்குக்குப் போனது. ஏடிஎம் வாசலே திறக்காத ஊரில் கணக்கில் பணம் இருந்து என்ன செய்ய? கையில் தந்தது நல்ல முடிவு. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள்தான் முழுதாகப் பட்டியலில் இருந்தன. நம் கீரைக்கார அம்மாவின் ரேஷன் கார்டு செங்கல்பட்டு வட்டம். வியாபாரம் போனது தாம்பரத்தில், கார்டு இருப்பது வேறு வட்டத்தில். ஆறாயிரம் அவருக்கு இல்லை. அந்த மாதம் அவர் மறுபடி கூடை தூக்கியது 15-ஆம் தேதி ஆயிரத்தில். தண்டலுக்குப் போகவில்லை.

எல்லாக் கடனும் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மகளிர் குழுக் கடன் இன்னும் இருக்கிறது. மகன் பைக்குக்கு வாங்கிய தவணையும் இருக்கிறது.

பணம் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தானே போகும் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இரண்டு உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் எழுதினார்கள்: பண உதவியால் குடியும் புகையும் கூடியதாகக் காணோம். மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011-இல் சேவா அமைப்பு, யுனிசெப் துணையோடு, பெரியவர்களுக்கு முதலில் மாதம் 200, பிறகு 300 ரூபாய், குழந்தைகளுக்கு அதில் பாதி என்று நிபந்தனை இல்லாமல் கொடுத்துப் பார்த்தது. அங்கேயும் கடன் அசைந்தது. கூலிக்குப் போனவர்கள் சொந்த வேலைக்குத் திரும்பினார்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியது.

அதற்காக, பணம் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் கெட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போனால் புதுச்சேரி. 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கியில் பணம் போட ஆரம்பித்தார்கள். பிறகு மாநில அரசின் இலவச அரிசிக்கும் பணம்தான் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும், அரிசியே வேண்டும் என்று முதல்வர் நாராயணசாமியும் மல்லுக்கு நின்றார்கள். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கடை அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் பணம் ஏறாது. அரிசியைக் கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறந்தன.

தாம்பரத்து அம்மாவின் ஆயிரம் முதலாக நிற்பதற்குக் காரணம், கீழே ரேஷன் அரிசி இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரிசியும் பஸ்ஸும் போக மிஞ்சியதால்தான் அந்தப் பணம் கூடையில் கீரையானது. அரிசியை எடுத்திருந்தால் அது அரிசியாகவே முடிந்திருக்கும்.

குறைகளும் உண்டு. திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் ஐந்து ஏக்கர் நஞ்சைக்குள் என்று வரம்புகள். மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் ஓடும் வீட்டில் 3,600 யூனிட் என்ன பெரிய கணக்கு? முதல் மாதமே சில வங்கிகள், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்தில் கை வைத்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு, அது குறை இல்லை. ரேஷன் கார்டில் கணவர் பெயர் தலைவராக இருந்தாலும், இந்தத் திட்டத்துக்கு மனைவிதான் குடும்பத் தலைவி. உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா ஒரு நாள் ஏடிஎம் அட்டையைக் காட்டினார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். "வீட்டுக்காரருக்கு நம்பர் சொல்லலே" என்றார்.

உங்கள் ஊர் ரயிலடியிலோ காய்கறிச் சந்தையிலோ யாராவது பட்டன் போனை நீட்டி, என்ன வந்திருக்கிறது என்று கேட்டால், கொஞ்சம் நின்று படித்துச் சொல்லுங்கள். ஏதாவது பிடித்தம் என்று வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வங்கிக்குப் போய்க் கேட்க வேண்டியது அவர்தான்.