சம்மதிச்ச வில்லன், சம்மதிக்காத வில்லன்

இன்னைக்கு எபிசோட் ரெஸ்லிங் பத்தி. ரெஸ்லிங் பார்க்காதவங்க ஸ்கிப் பண்ணிடாதீங்க. ரிங்கைச் சுத்தி உட்கார்ந்து கத்துற கூட்டத்தைப் பத்திதான் அதிகம் பேசப் போறேன். கடைசியில என்னைப் பத்தியும் ஒரு விஷயம் இருக்கு. அதைச் சொல்றதுக்காகத்தான் இந்த எபிசோடே.

2006-ல இருந்து ஆரம்பிக்கிறேன். காரைக்குடி, செக்காலைப் பக்கம் எங்க தெரு. எனக்கு ஒன்பது வயசு. கேபிள்ல டென் ஸ்போர்ட்ஸ் வரும். பெட்டிக்கடையில ரெஸ்லிங் கார்டு கிடைக்கும். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்னு சொல்லிச் சொல்லி ஜெயிச்சு, அடுத்தவன் கார்டை எல்லாம் அள்ளிட்டு வீட்டுக்கு வருவோம். தெருவுல எல்லாருக்கும் சாமி ஒருத்தர்தான், அண்டர்டேக்கர். லைட் அணையும், மணி அடிக்கும், அவர் மெதுவா நடந்து வருவார். அவருக்கு ஏழு உயிர்னு நாங்க நிஜமாவே நம்பினோம்.

அந்த வருஷம் ஏப்ரல்ல ஒரு ராட்சசன் வந்து அவரை அடிச்சுப் போட்டுட்டான். பேரு கிரேட் காளி. மே மாசம் ஜட்ஜ்மென்ட் டே மேட்ச்ல அண்டர்டேக்கரைத் தோற்கடிச்சே விட்டான். ஊர் உலகமே அவனைப் பார்த்து ஊளை விடுது. எங்க தெருவுல மட்டும் ஒரு குழப்பம். ஏன்னா காளி நம்ம ஆளு. இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸ்ல வேலை பார்த்தவர். வில்லன் இந்தியன், ஹீரோ வெள்ளைக்காரன். யாருக்குக் கை தட்டுறது?

தெரு ரெண்டாப் பிரிஞ்சது. நான் அண்டர்டேக்கர் பக்கம். என் எதிர்வீட்டுப் பையன் காளி பக்கம். "தேசத்துரோகி"ன்னு என்னை அவன் சொல்ல, நான் அவன் கார்டைக் கிழிக்க, ரெண்டு வீட்டு அம்மாக்களும் வாசலுக்கு வந்து சண்டை. அடுத்த வருஷம் ஜூலையில காளி வேர்ல்டு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனப்போ அந்தப் பையன் தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் குடுத்தான். எனக்கும் குடுத்தான். நானும் வாங்கித் தின்னேன்.

இப்போ பின்னாடி திரும்பிப் பார்த்தா ஒண்ணு புரியுது. யார் ஜெயிக்கணும்னு எழுதிவச்சுட்டுத்தான் ரெஸ்லிங் நடக்குது. இது ரகசியமும் இல்ல. 1989-லயே அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாகாணத்துல, விளையாட்டுத் துறைக் கட்டுப்பாட்டுல இருந்து தப்பிக்கிறதுக்காக அந்தக் கம்பெனியே "இது போட்டி இல்ல, பொழுதுபோக்கு"ன்னு சொல்லிடுச்சு. முடிவை எழுதலாம், ஆனா கூட்டம் என்ன பண்ணும்னு எழுத முடியாது. ரெஸ்லிங்ல நிஜமா நடக்கிறது அந்தக் கூச்சல்தான்.

அந்தக் கூச்சலைக் கிளப்புறது வில்லனோட வேலை. ரெஸ்லிங் பாஷையில வில்லனுக்கு 'ஹீல்', ஹீரோவுக்கு 'பேபிஃபேஸ்'. ஹீல் என்ன பண்ணுவான்? ரெஃப்ரீ அந்தப் பக்கம் திரும்பும்போது இந்தப் பக்கம் குத்துவான். ஹீரோ எழுந்திருக்கப் போற நேரமாப் பார்த்து கண்ணுல விரலை விடுவான். அடி வாங்கப் போறோம்னு தெரிஞ்சா ரிங்கை விட்டு இறங்கி ஓடுவான். ஒண்ணும் தோணலைன்னா மைக்கை வாங்கி "உங்க ஊரும் ஒரு ஊரா"ன்னு கேட்பான். இவ்வளவும் ஹீரோவுக்கு ஒரு கைதட்டல் வாங்கிக் குடுக்கிறதுக்கு. ஹீல் சரியா வேலை பார்க்கலைன்னா ஹீரோ என்ன பண்ணாலும் கூட்டம் போனை நோண்டிட்டு இருக்கும்.

இதை நான் டிவியில கத்துக்கிட்டேன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். இல்ல. அதுக்கு முன்னாடியே நேர்ல பார்த்திருக்கேன். நம்ம பக்கத்துக் கோயில் திருவிழாவுல.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக்காரங்களுக்கு ஸ்பெஷல் நாடகம் தெரிஞ்சிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடகங்கள். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இது ஒரு கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேற ஊர், பபூன் வேற ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். தனித்தனியா புக் பண்ணி வர்றவங்க. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, பவுடர் போட்டு, மேடை ஏறிடுவாங்க. கதை எல்லாருக்கும் தெரியும், மீதியை மேடையிலயே பார்த்துக்குவாங்க. ரெஸ்லிங்லயும் இதேதான். முடிவு தெரியும், நடுவுல என்ன பண்றதுன்னு பாதியை ரிங்குக்குள்ளயே காதோட காதா பேசிக்குவாங்க. நான் வேலை பார்க்கிற டீம்ல இவ்வளவு கோஆர்டினேஷன் கிடையாது.

எங்க அப்பத்தா ஊர் காரைக்குடியில இருந்து பஸ்ல அரை மணி நேரம். ஒரு வருஷம் அங்க அரிச்சந்திரா போட்டாங்க. கதை தெரியும்ல? உண்மையை விடாம நாட்டை இழந்த ராஜா, பொண்டாட்டி சந்திரமதியையும் பையன் லோகிதாசனையும் காசியில விக்கிறார். வாங்குறவர் காலகண்டர். அவர்தான் நம்ம ஹீல். சின்னப் பையனைக் காட்டுக்கு தர்ப்பை அறுக்க அனுப்புவார். அங்க பாம்பு கடிச்சு பையன் செத்துப்போவான். பெத்தவ அழுதுக்கிட்டு நிக்கிறா, "வேலையை முடிச்சுட்டுப் போ"ன்னு சொல்வார்.

அந்த இடத்துல அப்பத்தா பாயை விட்டு எழுந்திருச்சிருச்சு. "அட நாசமாப் போறவனே, நீ வெளங்குவியா"ன்னு ஆரம்பிச்சு, இந்தப் பாட்காஸ்ட்ல சொல்ல முடியாத அளவுக்குப் போச்சு. அது ஒண்ணு மட்டும் இல்ல, வரிசையா எல்லாக் கிழவிகளும். யாரோ மண்ணை அள்ளி மேடையில வீசினாங்க. அந்த நடிகர் என்ன பண்ணார் தெரியுமா? மண்ணைத் தட்டிவிட்டுட்டு, கூட்டத்தைப் பார்த்து மெதுவா மீசையை முறுக்கினார். அவ்வளவுதான், பந்தலே பிச்சுக்கிச்சு.

விடிஞ்சதும் டீக்கடையில அதே ஆள் பவுடரைக் கழுவிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். அப்பத்தா நேரா அவர்கிட்டப் போச்சு. நான் பயந்தே போயிட்டேன். "ஏப்பா, சாப்பிட்டியா? ராத்திரி பூரா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினியே"ன்னு கேட்டு, டீக்கும் வடைக்கும் காசு குடுத்துச்சு. அவர் எழுந்து நின்னு கும்பிட்டார். "ஆத்தா, நீங்க முன்வரிசையில இருந்தா எனக்கு நடிக்கவே வேணாம்"னார்.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா. ராத்திரி அந்த ஆளை நிஜமாவே சபிச்சுச்சு, நடிக்கலை. காலையில நிஜமாவே பசியாத்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருந்த கோடு அதுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சம்மதிச்சு ஆடுன ஆட்டம் அது.

சினிமாவுலயும் இதைப் பார்த்திருக்கோம். 1965-ல வந்த எங்க வீட்டுப் பிள்ளையில எம்.ஜி.ஆர் சவுக்கை எடுத்து நம்பியாரை விளாசும்போது தியேட்டர் எப்படி இருந்துச்சுன்னு அப்பத்தா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அந்த நம்பியார் நிஜத்துல வருஷா வருஷம் சபரிமலைக்குப் போன குருசாமி. இதுவும் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அடுத்த படத்துல வந்தா திட்டினாங்க.

இப்போ அந்தக் கோடு அழிஞ்சா என்ன ஆகும்னு ஒரு உதாரணம். ரோமன் ரெய்ன்ஸ். 2015 ஜனவரி, ஃபிலடெல்ஃபியா, ராயல் ரம்பிள். கூட்டத்துக்கு டேனியல் பிரையன்தான் வேணும். அவரை சீக்கிரமா வெளிய அனுப்பிட்டு ரோமனை ஜெயிக்க வச்சாங்க. ஹீரோன்னு எழுதிக் குடுத்து அனுப்பின ஆளைப் பார்த்து அரங்கமே ஊளை விட்டுச்சு. தி ராக் வந்து கையைத் தூக்கிக் காட்டியும் நிக்கலை. அடுத்து சில வருஷம் ஊருக்கு ஊர் இதேதான். 2017 ஏப்ரல்ல ரெஸில்மேனியாவுல அண்டர்டேக்கரைத் தோற்கடிச்சுட்டு, மறுநாள் ரா ஷோவுல ரிங்குக்கு நடுவுல நிக்கிறார். நிமிஷக்கணக்கா கத்தல். வாயைத் திறக்கவே விடலை. கடைசியில ஒரே ஒரு வரி சொல்லிட்டு மைக்கைப் போட்டுட்டுப் போயிட்டார்.

கூட்டத்துக்குக் கோபம் கம்பெனி மேல. அவங்க எடுத்த முடிவு மேல. ஆனா கம்பெனி முதலாளி ரிங்குல நிக்கலையே. நின்னது இவர். கத்தல் இவர் மேல விழுந்துச்சு. நானும் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ட்விட்டர்ல கத்தினவன்தான்.

2018 அக்டோபர் 22. அதே ரோமன் சாதாரண டிரெஸ்ல ரிங்குக்கு வர்றார். என் நிஜப் பேரு ஜோ, பதினொரு வருஷமா எனக்கு லுகேமியா இருக்கு, இப்போ திரும்ப வந்திருக்குன்னு சொல்றார். ரத்தப் புற்றுநோய். சாம்பியன் பெல்ட்டை ரிங்குல வச்சுட்டுப் போறார். அன்னைக்கு அந்த அரங்கத்தோட சத்தத்தைக் கேட்டுப் பாருங்க. கத்த வந்த கூட்டம் அப்படியே அடங்குது. அப்புறம் "நன்றி ரோமன்"னு சொல்ல ஆரம்பிக்குது. இத்தனை வருஷமா அங்க ஜோன்னு ஒருத்தர் நின்னுட்டு இருந்திருக்கார், யாரும் பார்க்கலை.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் விசேஷம். அவர் குணமாகி வந்தார். 2020 ஆகஸ்ட்ல முழு வில்லனா மாறினார். அகங்காரம் பிடிச்ச ஒரு குடும்பத் தலைவன் வேஷம். 1316 நாள் சாம்பியனா இருந்தார். 2024 ஏப்ரல்ல அதே ஃபிலடெல்ஃபியாவுல கோடி ரோட்ஸ்கிட்டத் தோத்தார். இந்தத் தடவை கூட்டம் அவரைத் திட்டவும் செஞ்சுச்சு, கொண்டாடவும் செஞ்சுச்சு. 2015-ல விட்ட அதே ஊளைதான். ஆனா இப்போ அவர் அதைக் கேட்டு வாங்கினார். மீசையை முறுக்கின காலகண்டர் மாதிரி.

சரி, இப்போ என் கதை.

சில வருஷத்துக்கு முன்னாடி சென்னையில ஒரு டீம்ல இருந்தேன். எங்க டீம் டெஸ்டர் ஒருத்தர், என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவர். ரிலீஸ் அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பக்கை எடுத்துட்டு வந்து நிப்பார். "இது சரியாகாம நான் சைன் ஆஃப் பண்ண மாட்டேன் பாஸ்." எல்லாரும் வீட்டுக்குப் போற பிளானை கேன்சல் பண்ணணும். டெட்லைனை அப்படிப் போட்டவர் மேனேஜர். ஆனா மேனேஜரைத் திட்ட முடியுமா?

அவர் இல்லாம ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். நான்தான் ஆரம்பிச்சேன். அவர் நடந்து வர்ற வீடியோவுக்கு காளியோட என்ட்ரன்ஸ் மியூசிக்கைப் போட்டு எடிட் பண்ணதும் நான்தான். பயங்கர ஹிட். அப்புறம் அவர் பே-க்கு வந்தாலே யாராவது ஒருத்தர் அந்த மியூசிக்கை முணுமுணுப்பாங்க. மத்தவங்க சிரிப்பாங்க. அவரும் லேசாச் சிரிப்பார். ஜாலியா எடுத்துக்கிறார்னு நினைச்சோம்.

ஆறு மாசத்துல பேப்பர் போட்டுட்டார். கடைசி நாள் லிஃப்ட்டுக்குப் பக்கத்துல கை குடுத்தேன். "வீடியோ நல்லா எடிட் பண்ணியிருந்தீங்க"ன்னார். எனக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஒண்ணும் இல்ல, என் பொண்ணு கார்ட்டூன் பார்க்கும்போது அது மாதிரி ஒரு மியூசிக் வந்தா எழுந்து வெளிய போயிடறேன். அதான்"னார். லிஃப்ட் வந்துச்சு. போயிட்டார்.

அப்பத்தா பண்ணதும் நான் பண்ணதும் வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுதான். கூட்டமாச் சேர்ந்து ஒருத்தரைப் பார்த்து ஊளை விட்டோம். ஆனா காலகண்டர் அட்வான்ஸ் வாங்கிட்டு, வேஷம் கட்டிட்டு, மேடை ஏறி வந்தவர். எங்க டெஸ்டர் வேலைக்கு வந்தவர். அவர்கிட்ட யாரும் "உங்களை வில்லனாப் போடலாமா"ன்னு கேட்கலை. விடிஞ்சதும் டீ வாங்கிக் குடுக்கவும் யாரும் போகலை. ஏன்னா எங்க நாடகம் விடியவே இல்ல, தினமும் ஒன்பதரை மணிக்கு மறுபடி ஆரம்பிச்சிடும்.

கூட்டத்துக்கு வில்லன் வேணும், அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு பந்தல் முழுக்க உட்கார்ந்து ஒரே குரல்ல ஒருத்தனைத் திட்டுறதுல ஒரு சுகம் இருக்கு. வீட்டுல, வேலையில அடக்கி வச்ச கோபம் எல்லாம் அங்க இறங்கும். அதுக்காகத்தான் ஒரு ஆளு காசு வாங்கிட்டு வேஷம் கட்டுறான். அந்த ஆள் கிடைக்காதப்போ, பக்கத்துல இருக்கிற எவனாவது ஒருத்தனுக்கு நாமளே வேஷம் கட்டி விட்டுடறோம். ஆபீஸ்ல, ஹாஸ்டல்ல, டைம்லைன்ல. அடுத்த தடவை உங்க குரூப்ல ஒரு மீம் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்த ஆள் மேடை ஏறி வந்தாரா, நாம இழுத்துட்டு வந்தமா?

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது அவருக்கு மெசேஜ் பண்ணேன். பேர் சொல்லாம உங்களைப் பத்திப் பேசட்டுமான்னு கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "பேசுங்க பாஸ். ஆனா அந்த மியூசிக்கைப் போடாதீங்க."

அதனாலதான் ரெஸ்லிங் எபிசோடா இருந்தும் இன்னைக்கு மியூசிக் எதுவும் இல்ல.

பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போறேன். இந்த வருஷமும் அரிச்சந்திரா வச்சிருக்காங்களாம். அப்பத்தா இப்போ இல்ல. முன்வரிசையில நான் உட்கார்ந்து தொண்டை கிழியத் திட்டப் போறேன். காலையில டீக்காசும் நான்தான் குடுப்பேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.