கொடுவா மீனுக்கு ஏற்ற பொய்யிரையும் தூண்டில் கட்டும்



பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் வாழும் உங்களுக்குக் கொடுவா மீனை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் இம்மீனைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. அதன் பிறகு இதனைக் குளத்தில் வளர்ப்போரும் உள்ளனர். வளர்க்காதவர் குளத்திலும் இது வந்து சேர்ந்துவிடுவதுண்டு. மதகு வழியே குஞ்சாக நுழைந்து, நீங்கள் விலை கொடுத்து விட்ட இறாலைத் தின்றே வளரும். நீரை வடிக்காமலும், வலையிழுத்துச் சேற்றைக் கலக்காமலும் இதனைப் பிடிப்பதற்குத் தூண்டில் ஏற்ற கருவி. ஆனால் முள்ளும் இரையும் பொருந்தாவிட்டால் நாள் முழுவதும் கரையில் நின்றும் பயனிராது.

முதலில் மீன் எவ்வாறு உண்கிறது என்று பாருங்கள். கொடுவா விரட்டிச் சென்று பிடிக்கும் மீனன்று. வேர், கட்டை, மதகுச் சுவர் இவற்றின் நிழலில் அசையாமல் நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று திறந்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழ்த்தாடை சற்று நீண்டிருப்பதால் தனக்கு மேலே செல்லும் இரையையே எளிதில் பிடிக்கிறது. ஆகவே பொய்யிரை மீனின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ செல்ல வேண்டும். கீழே சென்றால் பெரும்பாலும் வீண்தான். தன் நீளத்தில் பாதி இருக்கும் இரையைக்கூட இது விழுங்கக் கூடியது. எனவே 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ள பொய்யிரையைப் பார்த்து, இவ்வளவு பெரிதா என்று தயங்க வேண்டாம்.

பொய்யிரைகளில் நமக்குப் பயன்படுபவை இரண்டு வகை. ஒன்று மடவை மீனைப் போன்ற கெட்டியான உருவம். இதன் மூக்கில் சிறு தகடு ஒன்று சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். இழுக்கும்போது இரையை நீருக்குள் அமிழ்த்துவதும் ஆட்டுவதும் இத்தகடே. தகடு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் இரை மேலோட்டமாக ஓடும். நீண்டு முன்னோக்கி நீட்டியிருந்தால் ஆழத்திற்குப் போகும். மார்பளவு ஆழமுள்ள கழிக்கும் குளத்திற்கும் குட்டைத் தகடுள்ள, நிறுத்தினால் மிதக்கும் வகையே ஏற்றது. ஆழம் ஓடும் வகையை வாங்கினால் முதல் வீச்சிலேயே சேற்றையோ வேரையோ பிடித்துக்கொள்ளும்.

இதை நிறுத்தாமல் சுருட்டுவது பலரும் செய்யும் தவறு. சுருளியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து மீண்டும் சுற்றுங்கள். அடிபட்ட மீன் அப்படித்தான் நீந்தும். பெரும்பாலும் மீன் அடிப்பது அந்த நிறுத்தத்தில்தான். பின்லாந்து நாட்டு மீனவர் லாரி ரப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, மேலே ஈயத்தாள் சுற்றித் தம் பொய்யிரையைச் செய்தது இதனைக் கவனித்துத்தான். கூட்டத்தில் ஒரு மீன் மட்டும் கோணலாக நீந்தினால் பெரிய மீன் அதையே தேர்ந்தெடுக்கிறது என்று அவர் கண்டார். நம் ஊரில் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே கம்பியை மூக்கிலிருந்து வால்வரை உடலுக்குள் செலுத்தி, முள்ளை அதில் மாட்டுங்கள். மரத்தில் திருகிய கொக்கியைப் பெரிய மீன் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது வகை, இறாலையோ சிறு மீனையோ போன்ற மென்மையான இரப்பர் இரை. ஈயத்தலை வார்த்த முள்ளில் இதனைக் கோத்துக்கொள்வார்கள். ஈயம் 7 முதல் 15 கிராம் போதும். நீரோட்டத்தில் அடியைத் தொடும் அளவுக்கு மட்டும் எடை இருக்க வேண்டும். சுரபுன்னை வேர்களுக்கிடையே வீசுவதானால் வேறொரு கட்டு உண்டு. அமெரிக்காவில் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்கு இதனைப் பயன்படுத்துகிறார்கள். டெக்சாஸ் கட்டு என்று பெயர். பாஸ் மீனுக்கும் கொடுவாக்கும் உறவில்லை, ஆனால் பதுங்கியிருந்து பாயும் குணம் ஒன்றே. தோட்டா வடிவ ஈயத்தை நரம்பில் தளர்வாகக் கோத்து, அதன் கீழ் முள்ளைக் கட்டி, முள்ளின் கூரை இரப்பரின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். அப்போது வேரில் சிக்காது. மீன் கவ்வி நாம் இழுக்கும்போது கூர் வெளிப்படும்.

நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். என் கருத்தில், கடையில் தொங்கும் பல நிறங்கள் மீனைவிட நம்மைப் பிடிப்பதற்காகவே. தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம், கலங்கிய நீருக்குப் பொன்னிறமோ கறுப்போ வைத்துக்கொண்டால் போதும். மிச்சப்படும் பணத்தை முள்ளுக்குச் செலவிடுங்கள். மலிவான பொய்யிரைகளில் உள்ள மூன்று முனை முட்கள், மூன்று கிலோ மீன் ஒருமுறை துள்ளினால் நிமிர்ந்துவிடும். கையால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் கழற்றிவிட்டுத் தடித்த முள் மாட்டுங்கள்.

இனி நரம்பு. முதன்மை நரம்பு 0.40 மி.மீ. தங்கூசி போதுமானது. ஆனால் கொடுவாயின் செவுள் மூடியில் கத்தி போன்ற விளிம்பும் முள்ளும் உண்டு. வாயும் அரம்போலச் சொரசொரப்பானது. ஆகவே இரைக்கு முன்னால் ஒரு முழத்திற்கு மேல் 0.70 முதல் 0.80 மி.மீ. தடித்த நரம்பைச் சேர்க்க வேண்டும். இதற்குக் கம்பி வேண்டியதில்லை. கம்பி கட்டினால் இரையின் ஆட்டம் குறையும். இரையை இறுக்கி முடியாமல், சிறு கண்ணியாக முடிந்தால் தாராளமாக அசையும்.

உயிருள்ள மடவையோ இறாலோ கிடைத்தால் தக்கையிட்டு விடலாம். இதற்கு வட்ட முள் நல்லது. மீன் கவ்வியதும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். நரம்பு இறுகும்வரை மெல்லச் சுருட்டினால் முள் வாயோரத்தில் தானே ஏறும். மீன் துள்ளும்போது கோலைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் பிடியுங்கள்.

கழியில் நீர் வற்றி முடியும் நேரமே சிறந்தது. சிறு வாய்க்கால்கள் பெரிய கழியில் சேரும் வாயில் இறாலும் குஞ்சு மீனும் ஒதுங்கி வரும். கொடுவா அங்கே காத்திருக்கும். குளத்தில் விடியலிலும் அந்தியிலும் மதகின் அருகே வீசுங்கள்.

குளத்தில் பிடித்தது எந்த அளவானாலும் எடுத்துக்கொள்ளலாம். கழியிலும் ஆற்றுமுகத்திலும் அப்படியல்ல. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். 2 கிலோ அளவில் பெரும்பாலும் ஆண். 4 முதல் 6 கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பாலும் பெண். பெரிய மீன் ஒன்றை எடுத்தால் இலட்சக்கணக்கான முட்டைகளை எடுத்ததாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும், பொதுவாக 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டுமென்று விதியே இருக்கிறது. சந்தையில் பெரிய மீனுக்குக் கிடைக்கும் விலையை நான் அறியாதவனல்லன். இருப்பினும் நடுத்தர மீனை எடுத்துப் பெரியதை விட்டால், அடுத்த ஆண்டும் உங்கள் கழியில் குஞ்சு வரும். விடுவதானால் முள்ளின் செதிலை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிடுங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல், நனைத்த கையால் வயிற்றைத் தாங்கி, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள்.

வீடு திரும்பியதும் பொய்யிரைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு ஒரே இரவில் முள்ளைத் துருவாக்கிவிடும். மென்மையான இரப்பர் இரைகளைக் கெட்டியான இரைகளோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.