பிரதான வாக்கியமும் சார்பு வாக்கியமும்



ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றிய இந்தக் கருத்தரங்கைச் சென்னையின் கல்லூரி மண்டபம் ஒன்றில் கூட்டாமல், ஆந்திர எல்லையை அடுத்த கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையின் அருகே கூட்டியிருக்கும் அமைப்பாளர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம். தமிழும் தெலுங்கும் வீட்டில் பேசும் குழந்தைகளோடு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த குடும்பங்களின் குழந்தைகளும் ஆங்கிலம் கற்கும் ஊர் இது. ஆதலால் நாம் ஆராயப் புகுந்த விஷயத்துக்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

விடைத்தாள்களில் நாம் ஓயாமல் சிவப்பு மையால் திருத்தும் பிழை ஒன்று உண்டு. "பிகாஸ் த மெஷின் வாஸ் ஹாட்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறான் மாணவன். வாக்கியம் முடியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். எழுவாய் இருக்கிறது, காலங்காட்டும் பயனிலையும் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று அவன் திகைக்கிறான். அந்தத் திகைப்பு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். "ஏனென்றால் இயந்திரம் சூடாக இருந்தது" என்பது தமிழில் தனித்து நிற்கும் வாக்கியமே. நம் மொழி சார்பைப் பெரும்பாலும் வினையின் ஈற்றில் வைக்கிறது. இருந்து, இருந்தால், இருக்க, இருந்த என்று வினை குறைந்து நிற்கும்போதே, முற்று ஒன்று பின்னால் வரவேண்டும் என்ற அபேக்ஷை கேட்பவர் மனத்தில் எழுந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ வினை முற்றாகவே நின்றபோதிலும், முன்னே நிற்கும் பிகாஸ், இஃப், வென், ஆல்தோ முதலிய இணைப்புச் சொல் அந்த வாக்கியம் முழுவதையும் மற்றொன்றுக்குச் சார்பாக்கிவிடுகிறது.

இவ்வாறு முடிவு பெறாமல் குறைந்து நிற்பதை எச்சம் என்பது நம் இலக்கண மரபு; தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயலுக்கே எச்சவியல் என்று பெயர். பத்து வகை எச்சங்களை அங்கே அவர் எண்ணுகிறார். அவற்றுள் என எச்சம் நம் வகுப்பறைக்குப் பெரிதும் பயன்படும். "அவன் வந்தான் என்று சொன்னாள்" என்னும்போது, "வந்தான்" என்ற முற்று சிறிதும் குறையாமல் நிற்க, "என்று" என்பதே அதைச் சார்பாக்குகிறது. முற்றுவினை சார்பு வாக்கியத்திலும் இருக்கக்கூடும் என்ற உண்மையைத் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வாயிலாக எளிதில் உணர்த்தலாம். தமிழில் பின்னால் வரும் குறி ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது என்பதை மட்டும் பிறகு சொன்னால் போதும்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், ஆங்கிலத்தின் ஹூ, விச் போன்ற சொற்களின் காரியத்தை இம்மொழிகளில் பெயரெச்சமே செய்கிறது என்பதை விளக்கினார். "நேற்று வந்த பொறியாளர்" என்று நாம் மூன்றே சொல்லில் முடிப்பதை, ஆங்கிலம் ஹூ என்பதை வைத்து ஒரு சார்பு வாக்கியமாக விரிக்கிறது. தெலுங்குப் பிள்ளையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஹிந்தி பேசும் பிள்ளைக்கோ ஜோ, ஜப், அகர் என்பன முன்னின்று முற்றுவினையோடு வரும் அமைப்பு பழக்கமானது. எனினும் அகர் என்றால் பின்னே தோ என்று ஜோடி சேர்க்கும் வழக்கத்தால், அவன் ஆங்கிலத்திலும் ஒரு ஜோடிச் சொல்லைத் தேடக்கூடும். ஆல்தோ என்று தொடங்கிப் பட் என்று தொடரும் பிழையோ எந்த வீட்டுமொழிப் பிள்ளையிடமும் எழக்கூடும்.

தொழிற்சாலை அறிவிப்புப் பலகைக்கு வருவோம். "ஓபன் த வால்வ் ஒன்லி ஆஃப்டர் த பிரஷர் ஃபால்ஸ் டு ஜீரோ" என்று ஒரு பலகை சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏவல் வினை வந்தால் வாக்கியம் முடிந்தது என்று பிறந்தது முதல் பழகிய இளைஞன், வால்வைத் திற என்பதோடு கண்ணை எடுத்துவிடுவது இயல்பு; நிபந்தனையோ அதற்கப்பால் இருக்கிறது. அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிய பின் என்ற பகுதியை முன்னே நிறுத்தி, கட்டளையைப் பின்னே வைத்தால் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு குறையும் நேராது. ஐ.டி.ஐ. மாணவர்க்குப் பாடம் எழுதுவோர் இதனை அவசியம் கவனிக்க வேண்டும்.

பிற்பகல் அமர்வுக்கு வரும் ஆசிரியர்கள் தம் மாணவரின் வாக்கியங்களை, பெயரை நீக்கி, வீட்டுமொழியை மட்டும் குறித்துக் கொண்டுவந்திருப்பதாக அறிகிறேன். அவற்றை மொழிவாரியாகப் பிரித்து ஆராயுமாறு வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.