கிணற்றை அளந்து கமஞ்செய்வோம்
(தீவுப் பகுதிப் பெண் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று நூல்கள் கூறும். ஆனால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வாழும் நமக்கு அது கிணற்றின் அடி தெரியும் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நமது முதல். சித்திரையிற் பெய்யும் சிறுமழை நீங்கலாக, அடுத்த ஐப்பசி வரை பெரும்பாலும் அந்த முதலை எடுத்தே செலவு செய்கிறோம். கணவர் வெளியூரில் தொழில் புரியும் வீடுகளிலும், போரினாற் குடும்பத் தலைவரை இழந்த வீடுகளிலும் இச்செலவை நடத்தும் பொறுப்புப் பெண்களுடையது. ஆதலால் இன்று ஒரு விஷயத்தையே வற்புறுத்த விரும்புகிறேன். காணியின் பரப்பைப் பார்த்துப் பயிர் வைக்காதீர்கள். கிணற்று நன்னீரையும் உங்கள் உடல் வலிமையையும் அளந்து பயிர் வையுங்கள்.

கிணற்றின் இயல்பு

நமது தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதனுள் இறங்கிய மழைநீர், பாரமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கக்கூடும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும், கீழிருந்து உவர் பெரிதும் எழும். நீர் வற்றுகிறதென்று கிணற்றை ஆழப்படுத்துவோர் உவரை நோக்கியே தோண்டுகிறார்கள். இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைத்தலும் அத்தகையதே. உவரேறிய கிணறு பயிரை மட்டுமன்று, குடிநீரையும் கெடுத்துவிடும்.

இலை நுனி கருகுவதும், மண்மேல் வெண்மை படர்வதும் உப்பின் அறிகுறிகளாகலாம். நாவினாற் பார்ப்பது போதாது. மாதம் ஒருமுறை நீரை உப்புமானியாற் பரிசோதிப்பியுங்கள். போஞ்சி, வெங்காயம், மிளகாய் ஆகியவை உப்பைத் தாங்கமாட்டா. பீற்றூட் ஓரளவு தாங்கும்.

எவ்வளவு நிலம்?

வெயிற் காலத்தில் மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும். அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 5 லீற்றர். 100 சதுர மீற்றர் தோட்டத்திற்கு 500 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் ஐம்பது வாளி. இது 500 கிலோகிராம் பாரம். கையால் அள்ளும் பெண், சமையல், பிள்ளைகள், ஆடு மாடு ஆகியவற்றுக்கிடையே நாள்தோறும் இதனைத் தூக்குகிறாள். மேலும் நூறு சதுர மீற்றர் கொத்துமுன் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருநூறு சதுர மீற்றரில் வாடிய பயிரிலும், நூறில் செழித்த பயிரே இலாபம்.

மண்ணின் ஈரத்தைக் காத்தால் வாளிகளும் குறையும். வைக்கோல், உலர்ந்த பூவரசமிலை முதலியவற்றைச் செடியின் அடியில் இரண்டு அங்குலம் பரப்புங்கள். பனையோலையை நறுக்கித் தோட்டத்திற் புதைத்தல் யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கம். அது உக்கி எருவாவதோடு ஈரத்தையும் பிடித்துவைக்கும். அரிசி கழுவிய நீரை வாழைக்கும் முருங்கைக்கும் விடுங்கள்.

ஒரு நாளின் ஒழுங்கு

இரவில் ஊறிய நீர் விடியற்காலையிற் கிணற்றில் நிற்கும். முதலில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்து, பின் தோட்டத்திற்குப் பாதி நீர் இறையுங்கள். மீதிப் பாதியை மாலையில் இறைத்தால், இடையிற் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைக்கும். உச்சி வெயிலில் தோட்டத்தில் நில்லாது, நிழலிருந்து செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுதல், விதை தெரிதல், பனங்கட்டி காய்ச்சுதல் ஆகியன அப்பொழுதுக்கு ஏற்றவை. புல் காய்ந்துவிட்ட இக்காலத்தில் ஆடுகளுக்குப் பூவரசங் குழையும் இப்பில்-இப்பில் குழையும் வெட்டிப் போடலாம். பட்டியையும் எருக்குவியலையும் கிணற்றுக்குத் தூரமாக அமையுங்கள். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு விரைவில் கிணற்றையடையும். பசளையையும் அளவுக்கு மேல் இடாதீர்கள். அதிலிருந்து குடிநீரிற் சேரும் நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைக்கும்.

கணக்கும் பெயரும்

இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எத்தனை வாளி இறைத்தீர்கள், எவ்வளவு விற்றீர்கள், எத்தனை மணி வேலை செய்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். தம் கூலியைக் கணக்கில் எழுதாமையால், நட்டத்தை இலாபமென்று எண்ணுவோர் பலர். சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கும், அவளே பாடுபடுவாள், ஆயினும் கமக்காரர் என்று ஆடவர் பெயரே பதியப்பட்டிருப்பதுண்டு. பயிர் செய்பவர் நீங்களாயின், கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயரைப் பதிவுசெய்யுங்கள். மானியமும் இழப்பீடும் வரும்பொழுது பதிவே பேசும்.

இறுதியாக, குளமும் கேணியும் வறண்டிருக்கும் இக்காலத்திலேயே ஊரவர் கூடி அவற்றைத் தூர்வாருதல் வேண்டும். வயல் வரம்புகளையும் உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி மழை கடலுக்கு ஓடாது மண்ணில் இறங்கினாற்றான் அடுத்த சித்திரைக்குக் கிணற்றில் நீர் இருக்கும். தனித்து ஒரு பெண்ணால் முடியாத இவ்வேலையை மாதர் சங்கங்கள் முன்னின்று தொடங்குமென எதிர்பார்க்கிறேன்.