திரையில் வந்த பெயரும் வராத பெயரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மறைந்த ஒருவரின் பெயரை ஆண்டுக்கு ஒரு முறை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று அவருடைய குடும்பம் விரும்பியிருக்கிறது. அதற்காக எழுந்ததுதான் இந்த மேடை. ஆகவே பெயரைப் பற்றியே பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன். ஒரு திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஆவணப்படத்தையோ உருவாக்கியவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள உலகம் இன்று இணையத் தரவுத்தளங்களைத்தான் திறக்கிறது. அந்தத் தளங்களில் எழுதுபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பொதுமக்கள். அங்கே பெயர்களை எப்படி நேர்மையாக எழுதுவது என்பதே இன்றைய பொருள்.

1. பாடும் பெயரும்

பெயரின் மதிப்பைப் பழவேற்காடு என்ற இந்த ஏரிக்கரை ஊருக்கு வெளியாள் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் மீன்பிடி வரிசை முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கிறது. வரிசையில் பெயர் இருப்பவருக்கு அன்றைய இறால் உண்டு.

அந்த வரிசைக்கு வெளியேயும் ஏரியை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். மீனைத் தரம் பிரித்துச் சந்தைக்குச் சுமந்து போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு ஏரியில் இருக்கிறது, வரிசையில் இல்லை.

படத்தின் பெயர்ப் பட்டியலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதில் பெயர் இருப்பவருக்கு அடுத்த வாய்ப்பு வரும், சம்பளம் பேச வாய் இருக்கும், வரலாற்றில் ஓர் இடம் இருக்கும். பெயர் இல்லாதவர் வேலை செய்ததற்குச் சாட்சி அவருடைய வீட்டார் மட்டுமே. எனவே பெயர்ப் பட்டியலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. சான்று இல்லாத பெயர் அதில் சேரக் கூடாது. சான்று உள்ள பெயர் அதிலிருந்து விடுபடக் கூடாது. நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டின் விரிவே.

2. பொதுமக்கள் எழுதும் பதிவேடு

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தைச் சேர்ந்த கோல் நீதாம், திரைப்பட ஆர்வலர்கள் இணையத்தில் சேர்த்துவந்த பட்டியல்களைத் தேடிப் பார்க்கும் வசதியோடு தொகுத்து வெளியிட்டார். அதுவே இன்றைய ஐஎம்டிபி. 1998இல் அதை அமேசான் வாங்கியது. உரிமை கை மாறினாலும் வழக்கம் மாறவில்லை. இன்றும் தகவலைத் தருபவர்களில் பெரும்பகுதியினர் சாதாரண மக்கள். தளத்தின் அலுவலர்கள் சரிபார்க்கிறார்கள். 2008இல் தொடங்கிய டிஎம்டிபி என்ற தளம் இன்னும் திறந்த கதவு. கணக்கு தொடங்கிய எவரும் அங்கே திருத்தலாம். வீட்டுக் கணினியில் படங்களை அடுக்கித் தரும் கோடி, பிளெக்ஸ் போன்ற செயலிகள் அதிலிருந்தும் பெயர்களை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஓர் இடத்தில் விழுந்த பிழை ஒரே இரவில் பல இடங்களுக்குப் பரவிவிடும். திருத்தம் அவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை.

இத்தளங்களின் அடிப்படை விதி, திரையில் பெயர் எப்படி வந்ததோ அப்படியே எழுது என்பது. திரையில் வராத ஒருவர் உண்மையாகவே வேலை செய்திருந்தால், ‘திரையில் பெயர் வராதவர்’ என்ற குறிப்போடு சேர்க்க ஐஎம்டிபியில் இடம் உண்டு. வேறொரு பெயரில் வந்திருந்தால் ‘இன்ன பெயரில் வந்தார்’ என்று குறிக்கலாம். ஒரே பெயரில் பலர் இருந்தால் ரோமன் எண் போட்டுப் பிரிக்கலாம். திரை சொன்னதும் நடந்ததும் வேறுவேறாக இருக்கும்போது, இரண்டையும் கலக்காமல் பதியும் வழி இதில் இருக்கிறது.

3. தமிழ்த் திரை தரும் பாடங்கள்

ஏன் இரண்டையும் பதிய வேண்டும்? நம் படங்களிலிருந்தே காட்டுகிறேன்.

1947இல் வந்த ஜூபிடர் நிறுவனத்தின் ‘ராஜகுமாரி’யில் கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்துக்கு ‘உதவி’ என்ற அளவிலேயே இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘அபிமன்யு’வுக்கு அவர் வசனம் எழுதினார், திரையில் அவர் பெயரே வரவில்லை. அந்த வருத்தத்தை ‘நெஞ்சுக்கு நீதி’ என்ற தன்வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அவர் அடைந்த இடத்தால் நமக்கு அது தெரியவந்தது. அவரைப் போலவே எழுதி, பெயர் வராமல் போய், பிறகு தன் கதையை எழுத வாய்ப்பே கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ!

1945இல் வந்த ஏ. வி. மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’யில் வள்ளியாக நடித்தவர் ருக்மிணி. அவர் பாடிய பாடல்களில் பின்னர் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பதிக்கப்பட்டது. ஆக, வள்ளி இரண்டு பெண்களின் உழைப்பு. ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் மிஞ்சும். எண்பதுகளில் நடிகர் மோகனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் எஸ். என். சுரேந்தர். அந்தக் குரலில் உருகிய லட்சக்கணக்கான ரசிகர்களில் பலருக்கு அது யாருடையது என்பது வெகுகாலம் தெரியாது.

வடக்கேயும் இதே கதைதான். 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டில், பாடியவர் என்று கதாபாத்திரத்தின் பெயரான காமினிதான் அச்சாகியிருந்தது. வானொலி நேயர்கள் கேட்டுக் கேட்டுத்தான் லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிவந்தது. ஹாலிவுட்டில் டால்டன் டிரம்போ அரசியல் காரணத்தால் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் எழுதிய ‘ரோமன் ஹாலிடே’ 1953இல் நண்பரின் பெயரில் வெளிவந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அவருக்குரிய பெயரை மீட்டுக் கொடுத்தது 2011இல். அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். திரையில் இருப்பதை மட்டுமே நகலெடுத்தால், அன்றைய அநீதியையும் சேர்த்தே நகலெடுக்கிறோம். நகலெடுக்காமல் நம் விருப்பப்படி மாற்றினால், அன்று திரை என்ன சொன்னது என்ற சான்றை அழிக்கிறோம். இரண்டையும் வைத்திருப்பதே நேர்மை.

சான்றே அழிந்துபோன இடங்களும் உண்டு. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ நம் முதல் கதைப்படம். அதன் ஆண்டு 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் மாறுகிறது. படச்சுருள் எங்கும் இல்லை. இத்தகைய இடத்தில் ஒரே ஓர் ஆண்டை உறுதியாக எழுதுகிறவர் தன் ஊகத்தை வரலாறாக்குகிறார். டி. பி. ராஜலக்ஷ்மி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார் என்பது இன்றைக்குத் தெரிகிறதென்றால், பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் பத்திரிகைகளையும் சிலர் குப்பைக்குப் போகாமல் காத்ததே காரணம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராகத் தமிழ்ப் படங்களின் விவரங்களைச் சேர்த்துவைத்தார். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருகிறது. தரவுத்தளத்தில் எழுதுகிறவர் முதலில் போக வேண்டிய இடங்கள் இவை.

4. ஒரே பெயர், பல ஆள். ஒரே ஆள், பல பெயர்

2013இல் வந்த ‘தலைவா’வில் நாயகன் விஜய், இயக்குநரும் விஜய். ‘அந்த நாள்’ எடுத்த வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் வேறு, கே. பாலசந்தர் வேறு. ஓர் எழுத்தைக் கவனிக்காத கை ஒருவரின் வாழ்நாள் உழைப்பை இன்னொருவரின் பக்கத்தில் சேர்த்துவிடும். மறுபுறம், எம்.ஜி.ஆர். தொடக்க காலப் படங்களில் எம். ஜி. ராம்சந்தர் என்றே வந்தார். அந்தப் பெயருக்குத் தனிப் பக்கம் திறந்தால் ஒரே மனிதர் இரண்டாகிவிடுவார்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பெயர்கள் தலைப்பெழுத்தோடு வருகின்றன. இந்தத் தளங்களோ பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இயங்குகின்றன. இளையராஜாவின் பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! புகழ்பெற்றவருக்கு யாராவது திருத்தி உதவுவார்கள். ஒரே ஒரு படத்தில் ஒலிப்பதிவு செய்தவருக்கு, ஒரே ஒரு தொடரில் படத்தொகுப்பு செய்தவருக்கு அந்தத் துணை கிடையாது. அவர்களுக்காகத்தான் நாம் கண்ணைத் திறந்து எழுத வேண்டும்.

5. ‘மீனவர், பழவேற்காடு’

இனி நம் கரைக்கு வருகிறேன். இந்த ஏரியைத் தேடிப் படக்கருவிகள் வருகின்றன. பூநாரைகளுக்காக வருகின்றன, டச்சுக் கல்லறைகளுக்காக வருகின்றன, துறைமுக விரிவாக்கத்தைப் பற்றிக் கேட்க வருகின்றன. வருகிறவர்களைப் படகில் ஏற்றி, முகத்துவாரம் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த நேரம் நீர் ஏறும், வாடை, கொண்டல், கச்சான் காற்றுகளுக்கு மீன் எப்படி இடம் மாறும் என்று சொல்லிக்கொடுப்பவர் இந்த ஊர்க்காரர். படம் முடிந்து திரையில் ஓடும்போது, ஆய்வாளருக்குப் பெயரும் பட்டமும் கீழே வருகின்றன. ஊர்க்காரர் பேசும்போது வருவது ‘மீனவர், பழவேற்காடு’.

அறிவைக் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு. அதைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். ஆவணப்படத்தில் தாமாகவே தோன்றிப் பேசுகிறவர்களுக்குத் தரவுத்தளத்தில் தனி வகை இருக்கிறது. படகு ஓட்டியவர், வழி காட்டியவர் ஆகியோருக்கும் குழுப் பட்டியலில் இடம் இருக்கிறது. நன்றி என்றே ஒரு பிரிவும் இருக்கிறது. இடம் இருந்தும் காலியாகக் கிடக்கிறது.

கொடுத்த பெயரும் உதிர்ந்துபோவதுண்டு; பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சொல்லி 2017 ஜனவரியில் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. பலரும் அதை டி. எம். கிருஷ்ணாவின் பாட்டு என்றே சொல்கிறார்கள். அவர் பாடினார், உணர்ந்து பாடினார். பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. இசையமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார். படமாக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. பெயர்களைத் தெளிவாகவே கொடுத்தார்கள். பகிர்ந்தவர்கள்தான் புகழ்பெற்ற ஒரு பெயரை வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்தார்கள். பொதுநிலத்தைப் பற்றிய பாட்டில் பொது உழைப்பை மறப்பது பெரிய குறை.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் தன்னைப் படைப்பாளி என்று உரிமை கோரலாம் என 57ஆம் பிரிவில் சொல்கிறது. 2012 திருத்தம் நிகழ்த்துகலைஞர்களுக்கும், தம் நிகழ்த்தலுக்கு உரியவராகத் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையைத் தந்தது. ஆனால் அதே திருத்தம் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. திரைப்படத்தில் தற்செயலாகத் தோன்றியவர், தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் இடம் பெறாதவர் என்றால், அவரைச் சட்டம் நிகழ்த்துகலைஞராகவே கொள்வதில்லை. தன் தோற்றத்தைச் சிதைத்துக் காட்டினால் எதிர்க்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சுகிறது.

அதாவது, பட்டியலில் பெயரிடும் வழக்கமே இல்லாதவருக்குச் சட்டத்தின் கண்ணிலும் பெயர் இல்லை. வழக்கத்தை மாற்றினால்தான் உரிமை வரும். வழக்கம் படம் எடுப்பவரிடம் தொடங்குகிறது. பதிவு செய்யும் நம்மிடம் நிலைக்கிறது. தொலைக்காட்சி அலைவரிசைகள் பெயர்ப் பட்டியலை வெட்டுகின்றன, இணையத்தில் படம் காட்டும் தளங்கள் அதைத் தாண்டிச் செல்லப் பொத்தான் வைக்கின்றன. இந்தக் காலத்தில் அந்தப் பதிவின் எடை இன்னும் கூடியிருக்கிறது.

7. செய்ய வேண்டியவை

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். ஒரு படத்தின் பெயர்களை எழுதும் முன் அதன் பெயர்ப் பட்டியலை முழுதும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இருந்தபடி, இருந்த வரிசையில் எழுதுங்கள். வேறு தளத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள்; அந்தத் தகவல் நீங்கள் எழுதும் தளத்திலிருந்தே அங்கே போயிருக்கலாம். திரையில் வராத பெயரைச் சேர்த்தால் எங்கிருந்து தெரியும் என்று குறிப்பிடுங்கள். நண்பருக்காகவோ உறவுக்காகவோ ஒரு பெயரையும் நுழைக்காதீர்கள். அப்படி நுழையும் ஒவ்வொரு பெயரும் உழைத்தவரின் பெயருக்கு உள்ள நம்பிக்கையைக் குறைக்கிறது. ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வயது, முகவரி, கைப்பேசி எண் எதையும் எழுதாதீர்கள்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று. இந்த ஊரில் பேட்டி எடுத்தால் பெயரைக் கேட்டு, அவர் சொன்னபடி, தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். படகுக்காரரின் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

பஞ்சாயத்தாருக்கு ஒன்று. படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டு வந்தால், வாடகையோடு பெயர்ப் பட்டியலையும் பேசுங்கள். யார் யார் பெயர் வரும் என்று எழுதி வாங்குங்கள். பாடு வரிசையைத் தலைமுறைகளாகக் காத்த ஊருக்கு இது கடினமான வேலை இல்லை. அந்தப் பட்டியலில் பெண்களின் பெயரும் இருளர்களின் பெயரும் இருக்கட்டும்.

நல்ல பதிவேடு என்பது உழைத்தவருக்குச் செலுத்தும் கடன். அதை அடைக்கப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். பொறுமையும் உண்மையும் போதும். இந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே வந்திருக்கும் படங்களில் ஒன்றை எடுத்து, அதில் பேசியவர்கள் யார் என்று கேட்டறிந்து, அவர்கள் சம்மதத்தோடு பெயரைச் சேர்க்கும் வேலையை இளைஞர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.