மாதவிலக்கு வேதனையும் மாத்திரையும்



கூட்டத்தில் பேசக் கூசும் விஷயத்தை இன்று நாம் பேசுகிறோம். ஆண் தோழர்கள் எழுந்து போகவேண்டாம். உங்கள் வீட்டு விஷயமும் இதுதான்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை எடுத்துவிட்ட செய்தி 2019ல் நாட்டையே உலுக்கியது. மாதவிலக்கு வலியில் ஒருநாள் படுத்தால் காண்டிராக்டர் அபராதம் போட்டான். அபராதத்துக்குப் பயந்து உறுப்பையே அறுத்தெறிந்தார்கள்!

அதற்கு முன்பே வேறு வழியுண்டு. கருத்தடை மாத்திரைதான். முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் 1957ல் அதற்கு முதலில் அனுமதி கிடைத்தது மாதவிலக்குக் கோளாறுகளுக்கே, கருத்தடைக்கு 1960ல்தான். அதிலுள்ள ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கவிடாது. வலியும் குறையும், உதிரப்போக்கும் குறையும். சோகை பிடித்த நம் பெண்களுக்கு இது சிறிய காரியமா?

ஆனால் இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், இரத்தக்குழாயில் கட்டி வந்தவர்கள், 35 வயதுக்குமேல் புகைபிடிப்பவர்கள் விஷயம் வேறு. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வலிக்கென்று பெயரில்லாத மாத்திரைகளைப் பெண்களிடம் கொடுத்ததும் அதே 2019ல்தான் அம்பலமாயிற்று. மேஸ்திரி கொடுத்தால் வாங்காதீர்கள். சீட்டு எங்கே என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்பளத்தோடு அரைநாள் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். மேஜைமேல் இருக்கிறது, ஆண்களும் கையெழுத்திடலாம்.