வட்டியில்லா மாதங்கள்

(தமிழ் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் குடியிருக்கும் நம் வீடுகளுக்கு அடிக்கடி வருகிற ஓர் அழைப்பைப் பற்றி இன்று பேசுவோம். "உங்கள் கடனட்டை நிலுவையை எங்கள் அட்டைக்கு மாற்றுங்கள், 20 மாதங்களுக்கு வட்டி கிடையாது" என்பதே அந்த அழைப்பு. முன்பு கடிதமாக வரும். இப்போது கைப்பேசியிலேயே வந்து நிற்கிறது.

இப்படி அட்டை மாற்றுவது பாவமா என்று நம்மில் சிலர் கேட்கிறோம். இல்லை. வங்கி தானாக முன்வந்து தரும் சலுகை அது. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி கட்டித் திணறும் ஒரு குடும்பம் வட்டியில்லா அட்டைக்கு மாறுவது விவேகமான செயல்தான். ஆனால் வங்கி அதைத் தர்மமாகச் செய்யவில்லை. சலுகைக் காலம் முடியும்போது பலரிடம் கடன் மீதி இருக்கும், அன்றிலிருந்து வட்டி வரும் என்று அது கணக்குப் பார்த்துத்தான் அழைக்கிறது. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. நாமும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போம்.

3,000 பவுண்டு கடன் என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவதற்குக் கட்டணம் 3 விழுக்காடு என்றால் 90 பவுண்டு. ஆகக் கடன் 3,090. (பூச்சியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறவர்கள் இந்தக் கட்டணத்தை எந்த அளவு எழுத்தில் அச்சிடுகிறார்கள் என்பதை நீங்களே பாருங்கள்.) அதை 20 மாதங்களில் முடிக்க, மாதம் 154 பவுண்டு 50 பென்ஸ் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் கடன் தீரும். வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் போதும் என்று, நிலுவையில் நூற்றுக்கு ஒன்று வீதம் கட்டிவந்தால், 20 மாதங்கள் கழித்தும் ஏறத்தாழ 2,500 பவுண்டு அப்படியே நிற்கும். பிறகு 24 விழுக்காடு வட்டி தொடங்கினால், முதல் மாதத்துக்கே 45 பவுண்டு வட்டிக்குப் போய்விடும்.

ஒரு மாதத் தவணை தவறினாலே சலுகை பறிபோகலாம். ஆகவே சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளே வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்துவிடுவது நல்லது. அந்த அட்டையில் புதிதாகப் பொருள் வாங்கினால் அதற்கும் வட்டியில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பல அட்டைகளில் சலுகை மாற்றிய கடனுக்கு மட்டுமே. காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

இதெல்லாம் கணக்கு. நமக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. முதல் அட்டையிலிருந்து இரண்டாவதற்கு மாற்றுகிறோம். காலியான முதல் அட்டையை வெட்டி எறியாமல் பணப்பையிலேயே வைக்கிறோம். மகளின் சடங்கு வருகிறது, மண்டபம், படப்பிடிப்பு, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விமானச்சீட்டு. காலியான அட்டை மறுபடி நிரம்புகிறது. மூன்றாவது அட்டைக்கு விண்ணப்பிக்கிறோம். அடுத்தடுத்து விண்ணப்பித்தால் நம் கடன் பதிவில் அது தெரியும். ஒருநாள் வங்கி மறுத்துவிடும். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. சீட்டுக் காசு எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியும், அட்டைக் கடன் எவ்வளவு என்று தெரியாது. சில வீடுகளில் தெரியாதிருப்பவர் கணவர். இரவுத் திருட்டு வேலைபோலக் கைப்பேசியில் ஒரு கடனை இன்னொரு கடனால் மூடிவிட்டு, காலையில் ஒன்றும் நடவாததுபோல் திருப்பலிக்கு வந்து நிற்கிறோம்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பஞ்சகாலம். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்குகிறார்கள். அரசனுக்கு வரி கட்டவும் கடன். பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள். அங்கே முதலில் எழுந்தது மக்களின் கூக்குரல். ஆண்கள் மட்டும் முறையிடவில்லை, அவர்களுடைய மனைவியரும் சேர்ந்தே முறையிட்டார்கள் என்று நூல் குறித்துச் சொல்கிறது. கடனை வாய்விட்டுச் சொன்னார்கள். அதைக் கேட்டபின்தான் நெகேமியா சினந்தார், சபையைக் கூட்டினார், நூற்றில் ஒரு பங்கு என்று வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

நம் வீட்டிலும் முதல் வேலை அதுதான். இந்த வாரம் ஒரு மாலை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எல்லா அட்டைகளையும் மேசைமேல் வைப்போம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு, சலுகை எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுவோம். பிழை யாருடையது என்ற பேச்சு அன்றைக்கு வேண்டாம். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று தெரிந்த பிறகு, மாற்றுவது உதவும் என்றால் மாற்றுவோம். காலியான அட்டைக் கணக்கை மூடிவிடுவோம்.

கூட்டிப் பார்த்தால் கட்ட முடியாத தொகையாக இருந்தால், இன்னொரு அட்டை அதற்கு மருந்தாகாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் ஆகிய இரண்டும் கட்டணம் வாங்காமல் ஆலோசனை தருகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து, தகுதியுள்ளவர்களுக்குக் கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் அவகாசம் பெற்றுத்தரும் சட்டம் இருக்கிறது. அந்த நாள்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, கடன் கொடுத்தவர்கள் நெருக்கவும் முடியாது. ஆங்கிலம் தடையாக இருந்தால் பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள், பெற்றோரின் கடனை அவர்கள் சுமக்க வேண்டாம். நம் பங்கிலேயே உடன் வரக்கூடிய பெரியவர்கள் இருப்பார்கள், கேளுங்கள். பயத்தில் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைத்த கடிதங்கள் இருந்தால், அவற்றை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.